சாம்பல் எப்படி நிழலாச்சு? பழைய ராக் பாட்டுகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கற புத்தகங்கள்

ஊசிமுனை · வெள்ளி, இரவு 9.12

இருபது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கற பாட்டு ஒண்ணு போன வாரம் கையில புத்தகமா வந்து விழுந்துச்சு. அதைச் சொல்லத்தான் இந்த இழை.

பிங்க் ஃப்ளாய்ட்ங்கற பிரிட்டிஷ் ராக் குழுவோட 'செட் த கன்ட்ரோல்ஸ் ஃபார் த ஹார்ட் ஆஃப் த சன்'. 1968ல வந்த 'எ சாஸர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' ஆல்பம். நிக் மேசன் பஞ்சுத் தலை வச்ச குச்சியால டிரம்மை உருட்டிக்கிட்டே இருப்பார். பாட்டை எழுதின ரோஜர் வாட்டர்ஸ், பக்கத்துல தூங்கறவங்களை எழுப்பிடக் கூடாதுங்கற மாதிரி முணுமுணுப்பார். வரி என்னன்னு நான் ரொம்பக் கவனிச்சதில்ல. விண்வெளி, சூரியன், போதைன்னு நினைச்சுக்கிட்டு விட்டுட்டேன்.

போன வாரம் பழைய புத்தகக் கடையில அட்டை கழண்ட ஒரு பென்குயின் பதிப்பகப் புத்தகம் கிடைச்சுது. 'போயம்ஸ் ஆஃப் த லேட் டாங்', டாங் அரச வம்சக் கடைசிக் காலத்துக் கவிதைகள், ஏ. சி. கிரஹாம் சீனத்துலேர்ந்து மொழிபெயர்த்தது, 1965 பதிப்பு. கடைக்காரர் பில்லு எழுதறதுக்குள்ள சும்மா புரட்டினேன். கொஞ்சம் கொஞ்சமா இரவு திரும்பறதைப் பார்னு ஒரு வரி. லி ஷாங்-யின் எழுதினது, ஒன்பதாம் நூற்றாண்டு. அட, இது நம்ம பாட்டோட முதல் வரியாச்சே! இன்னும் புரட்டினா, தாமரைகள் ஏக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணு சாயுதுன்னு து மு எழுதியிருக்கார். அதுவும் பாட்டுல இருக்கு. சுவரைப் பார்த்துக் கத்தினவன், வானத்துக்கிட்ட கேள்வி எழுதினவன், அவனைப் பார்னு லி ஹோ. அதுவும் இருக்கு! கடையிலேயே சத்தம் போட்டுட்டேன். கடைக்காரர் விலையைக் கேட்டுத்தான் கத்தறேன்னு நினைச்சு பத்து ரூபா குறைச்சார்.

பெரும்பாலும் வெட்டி ஒட்டின வேலைதான். ஆனா ஒரு இடத்துல வாட்டர்ஸ் அர்த்தத்தையே மாத்தியிருக்கார். லி ஷாங்-யின் சொல்றது, ஓர் அங்குலக் காதல் ஓர் அங்குலச் சாம்பல். பாட்டுல சாம்பல் இல்ல, நிழல். சூரியனுக்கு உள்ள போற பாட்டுல சாம்பலை விட்டுட்டு நிழலை ஏன் எடுத்தார்? ஒரு வாரமா இதே யோசனை.

உங்களுக்கு இப்படி மாட்டினது ஏதாவது இருந்தா எழுதுங்க. ஒரு வேண்டுகோள்: கேட் புஷ்ஷோட 'வுதரிங் ஹைட்ஸ்' மாதிரி தலைப்புலயே புத்தகப் பேர் இருக்கறது வேணாம். அது ஒளிஞ்சிருக்கல, வாசல்ல பேர்ப்பலகை மாட்டிட்டு உக்காந்திருக்கு.

மூணுகார்டு · வெள்ளி, இரவு 9.31

அண்ணே செம இழை. எல்லாருக்கும் தெரிஞ்சதை முதல்ல போட்டுத் தள்ளிடறேன், இல்லன்னா பத்து பேரு வந்து சொல்வாங்க. லெட் ஸெப்பலின், 'ரேம்பிள் ஆன்', 1969. காதலியைத் தேடி ஊர் ஊரா அலையறவன் பாட்டு. நடுவுல திடீர்னு மார்டோர்ல ஒரு பொண்ணைப் பார்த்தேன், கோல்லமும் அந்தக் கெட்டவனும் வந்து அவளைக் கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு வரும். டோல்கீனோட 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலைப் படிச்சவன் எவனும் இதை ஒத்துக்க மாட்டான். கோல்லத்துக்குப் பொண்ணு எதுக்கு? அவனுக்கு மோதிரம் போதும்.

1971ல 'த பேட்டில் ஆஃப் எவர்மோர்' வர்றப்போ பாடகர் ராபர்ட் ப்ளான்ட் கொஞ்சம் தேறிட்டார். கருப்பு உடையில சவாரி பண்ற ரிங்ரெயித்கள், டோல்கீனோட மோதிர ஆவிகள், வர்றாங்க, சாண்டி டெனி கூடப் பாடறாங்க, மாண்டலின் சத்தம் பனி மாதிரி இறங்கும். அங்க டோல்கீன் ஒட்டாம நிக்கல. 'ரேம்பிள் ஆன்'ல மட்டும் ஹாஸ்டல் பையன் போஸ்டர் ஒட்டின மாதிரிதான் இருக்கு.

திரிபுவாதி · வெள்ளி, இரவு 9.58

ஊசிமுனை சாருக்கு ஒரு கேள்வி. நீங்க 'குறிப்பு', 'ஒளிஞ்சிருக்கு'ன்னு அழகா சொல்றீங்க. நம்ம ஊர்ல ஒரு இசையமைப்பாளர் இதைச் செஞ்சா அதுக்குப் பேரு சுட்ட பாட்டு. வாட்டர்ஸ் மூணு சீனக் கவிஞர்கள்கிட்டயும் ஒரு மொழிபெயர்ப்பாளர்கிட்டயும் வரி வரியா எடுத்துட்டு, எழுதினது நான்னு தன் பேரை மட்டும் போட்டுக்கிட்டார். சீனக்காரங்க செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, சரி. கிரஹாம் உயிரோடதானே இருந்தார்? ஆங்கில வரி அவரோடதுதானே?

இது அவர் ஒருத்தர் பழக்கமும் இல்ல. டோர்ஸ் குழு, 'எண்ட் ஆஃப் த நைட்', 1967. சிலர் இனிய இன்பத்துக்குப் பிறக்கறாங்க, சிலர் முடிவில்லாத இரவுக்குப் பிறக்கறாங்கன்னு ஜிம் மோரிசன் பாடறது அப்படியே ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக். 'ஆகரீஸ் ஆஃப் இன்னசன்ஸ்' கவிதையில இருக்கு. குழு பேரும் பிளேக்கோட வரியிலிருந்து எழுத்தாளர் ஹக்ஸ்லி தன் புத்தகத் தலைப்புக்கு எடுத்து, ஹக்ஸ்லிகிட்டேர்ந்து இவங்க எடுத்தது. பிளேக்குக்கு யாராவது நன்றி போட்டாங்களா?

ராக் ரசிகர்களுக்கு ஒரு நோய் இருக்கு. தனக்குப் பிடிச்ச ஆள் எடுத்தா 'இலக்கியச் செறிவு', பிடிக்காத ஆள் எடுத்தா திருட்டு.

ஊசிமுனை · வெள்ளி, இரவு 10.15

பேர் போட்டிருக்கணும், அதுல மாத்துக் கருத்து இல்ல. ஆனா லி ஹோ வரியைக் கொஞ்சம் பாருங்க. சுவர்ல வானத்துக்குக் கேள்வி எழுதினவன் லி ஹோ கற்பனை பண்ணின ஆள் கிடையாது. அது ச்சூ யுவான், லி ஹோவுக்கும் ஆயிரம் வருஷம் முந்தின கவிஞர். அரசன் நாட்டை விட்டு விரட்டினான். கோயில் சுவர்ல தேவர், அரக்கர் படமெல்லாம் பார்த்துட்டு 'வானமே, இதெல்லாம் ஏன்?'னு கேள்வி கேள்வியா அந்தச் சுவர்லயே எழுதினார்னு சீன மரபுக் கதை. கடைசியில ஆத்துல விழுந்து செத்தார். படிக்கறவங்களுக்குத் தெரியும்னு நினைச்சுத்தான் லி ஹோ பேர் சொல்லாம விட்டார். அதை அவர் திருடினார்னு எந்தச் சீனரும் சொல்லல. இருபத்தேழு வயசு தாண்டறதுக்குள்ள அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

அப்படின்னா வாட்டர்ஸ் அந்த வரிசையில மூணாவது ஆள்னு சொல்லலாம் இல்ல?

திரிபுவாதி · வெள்ளி, இரவு 10.22

லி ஹோ வாசகனுக்குத் தெரியும்னு நம்பி விட்டார். வாட்டர்ஸ் வாசகனுக்குத் தெரியாதுன்னு நம்பி விட்டார். அதான் சார் வித்தியாசம்.

வடமராட்சியான் · வெள்ளி, இரவு 11.04

திரிபுவாதி, உங்களுக்கு ஒரு நல்ல செய்தி சொல்லுறன். பேர் போட்ட ஆளும் இருக்கிறார். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன்.

'லைலா' பாட்டு எல்லாருக்கும் தெரியும், 1970, டெரிக் அண்ட் த டொமினோஸ். பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசன்ர மனைவி பாட்டி பாய்டில கிளாப்டனுக்கு விருப்பம். அதை வெளியில சொல்ல ஏலாது. லைலா மஜ்னு கதையை அந்த நேரத்தில ஒரு நண்பர் குடுத்திருக்கிறார். பாரசீகக் கவி நிஜாமி 1188இல எழுதின காவியம். மஜ்னு எண்டால் பித்துப் பிடிச்சவன். பாட்டுக்குள்ள லைலா எண்ட பேர் மட்டும்தான் இருக்கு, பாலைவனமும் இல்லை, நிஜாமியும் இல்லை. ஆனால் கேக்கிறவனுக்கு அந்தப் பேரே காணும்.

அதே ஆல்பத்தில 'ஐ ஆம் யுவர்ஸ்' எண்டு இன்னொரு பாட்டு இருக்கு, ஒருத்தரும் கதைக்கிறேல்லை. அதின்ர வரிகள் நிஜாமியிட்ட இருந்து வந்தது. எழுதினவர் எண்ட இடத்தில போட்டிருக்கிறது: கிளாப்டன், நிஜாமி. எண்ணூறு வருசத்துக்கு முந்திச் செத்த மனிசன் ஒரு ராக் இசைத்தட்டில கூட்டாளியா நிக்கிறார். அந்த உறையைக் கையில வைச்சுக்கொண்டு நான் கனநேரம் சிரிச்சிருக்கிறன்.

தாமதவண்டி · சனி, காலை 7.40

ரோலிங் ஸ்டோன்ஸ் 'சிம்பதி ஃபார் த டெவில்' இன்னும் வரலையா? நான் போடறேன்.

மிகயில் புல்ககோவ் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலைப் பன்னிரண்டு வருஷம் திருத்தித் திருத்தி எழுதிட்டு 1940ல செத்துட்டார். அச்சுல வரல. 1966 கடைசியில 'மாஸ்க்வா' பத்திரிகையில வெட்டுப்பட்டு வந்துச்சு, 1967ல ஆங்கிலத்துக்கு வந்துச்சு. பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் அந்தப் புத்தகத்தை ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருக்குக் கொடுத்தாங்க. 1968 ஜூன்ல பாட்டு ரெக்கார்டிங். அதாவது ஜாகர் பழைய செவ்வியல் எதையும் தூசி தட்டல. அந்த வருஷத்துச் சூடான புத்தகத்தைத்தான் எடுத்தார்.

நாவலோட முதல் காட்சி பாருங்க. மாஸ்கோ, சூடான சாயங்காலம், குளத்தங்கரை பெஞ்சுல ரெண்டு எழுத்தாளர்கள் உக்காந்து இயேசுன்னு ஒருத்தர் இருந்ததே இல்லன்னு பேசிட்டிருக்காங்க. நல்ல உடுப்பு போட்ட வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் 'மன்னிக்கணும், நானும் கலந்துக்கலாமா'ன்னு ரொம்ப மரியாதையா வந்து உக்கார்றார். இயேசுவைப் பிலாத்து விசாரிச்சப்போ நான் அங்கதான் இருந்தேன்கிறார். அவர்தான் சாத்தான். பாட்டுல சாத்தான் எப்படி ஆரம்பிக்கிறான்? என்னை அறிமுகப்படுத்திக்க அனுமதிக்கணும், நான் பணமும் ரசனையும் உள்ளவன். அடுத்து இயேசு சந்தேகப்பட்ட நேரத்துல நான் அங்க இருந்தேன், பிலாத்து கை கழுவறதுக்கு ஏற்பாடு பண்ணினேன். ரஷ்யப் புரட்சி, ஜார் மன்னன், போர் எல்லாம் அப்புறம்தான். ஆனா ஜாகர் பின்னாடி ஒரு பேட்டியில இது பிரெஞ்சுக் கவிஞர் போதலேர்கிட்டேர்ந்து வந்த யோசனைன்னும் சொல்லியிருக்கார். ரெண்டும் இருக்கலாம்.

எனக்குப் பிடிச்ச விஷயம் வேற. ரெக்கார்டிங் நடந்த அதே வாரம், ஜூன் 5 அன்னிக்கு ராபர்ட் கென்னடி சுடப்பட்டார், மறுநாள் இறந்தார். பாட்டுல கென்னடியைக் கொன்னது யாருன்னு ஒருமையில இருந்த வரியைக் கென்னடிகளைன்னு பன்மையா மாத்தினாங்க. மாத்தம் ரொம்பச் சின்னதுதான். புல்ககோவ் சாத்தான் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷக் கதையைச் சொல்ல வந்தவன். இந்தச் சாத்தான் அன்னிக்குக் காலைப் பேப்பரையும் படிச்சுட்டு வந்திருக்கான்.

நம்ம பக்கத்து ஊரும் உள்ள இருக்கு. பம்பாய் போய்ச் சேர்றதுக்கு முன்னாலயே கொல்லப்பட்ட பாடகர்கள்னு ஒரு வரி. தரைவழியா இந்தியா வந்த ஹிப்பிக் கூட்டம்னு சிலர் சொல்றாங்க, வழிப்பறித் தக்கீகள்னு சிலர் சொல்றாங்க. எதுவா இருந்தாலும் அது புல்ககோவ்கிட்ட இல்ல.

நெறியாளர் · சனி, காலை 10.05

பீட்டில்ஸா ஸ்டோன்ஸா என்று தொடங்கிய பதினொரு பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கிறது.

நெல்லைக்காரி · சனி, காலை 11.26

நான் ரொம்ப நாளா வாசிக்க மட்டும் செய்யுத ஆளு. இதுக்கு எழுதாம இருக்க முடியல.

பாப் டிலன் எழுதுன 'ஆல் அலாங் த வாட்ச்டவர்'. 1967 டிசம்பர்ல 'ஜான் வெஸ்லி ஹார்டிங்' ஆல்பத்துல வந்துச்சு. அடுத்த வருசம் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசிச்சு அவரு பாட்டாவே ஆக்கிட்டாரு. மூணே பத்தி. ஒரு கோமாளியும் திருடனும் பேசிக்கிடுதாங்க, இங்கேருந்து தப்பிக்க வழி இருக்கணும்னு. அப்புறம் காவல் கோபுரம், பிரபுக்கள், பெண்கள், வேலைக்காரங்க. தூரத்துல ஒரு காட்டுப்பூனை உறுமுது. ரெண்டு குதிரைக்காரங்க வாராங்க. காத்து ஊளையிடுது. முடிஞ்சிட்டு. என்னடா இது, கதை இப்பதானே ஆரம்பிக்குன்னு தோணும்.

ஞாயித்துக்கிழமைப் பள்ளியில வசனம் ஒப்பிக்காம வந்தா எங்க அம்மா காப்பி தரமாட்டா. அதனால ஏசாயா தீர்க்கதரிசி எனக்குக் கொஞ்சம் பழக்கம். வீட்டுல பைபிள் இருந்தா ஏசாயா 21ம் அதிகாரம் எடுங்க, 5லேருந்து 9 வரைக்கும். பந்தி போடுங்க, காவல் வைங்க, சாப்பிடுங்க, குடிங்க, பிரபுக்களே எழும்புங்கன்னு வரும். காவல்காரன் கோபுரத்துல நின்னு பார்க்கான். சோடிக் குதிரையோட ஆளு வாரது தெரியுது. சிங்கம்னு ஒரு வார்த்தையும் அங்க உண்டு. டிலன் அதைக் காட்டுப்பூனையா இளைக்க வச்சிட்டாரு. கடைசில அந்தக் குதிரைக்காரன் கொண்டுவார செய்தி: பாபிலோன் விழுந்தது, விழுந்தது.

பாட்டுல எல்லாம் இருக்கு. அந்தச் செய்தி மட்டும் இல்ல. குதிரை வாரதோட நிறுத்திட்டாரு. முதல் தடவ ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தப்ப எனக்கு உடம்பு சிலுத்துட்டு. பாட்டு முடியல, நமக்கு முடிவைச் சொல்லல, அவ்வளவுதான். இன்னொண்ணு, இந்தப் பாட்டுல சம்பவம் பின்னாலேருந்து முன்னால வருதுன்னு டிலனே 1968ல ஒரு பேட்டியில சொல்லியிருக்காரு. அப்படின்னா கடைசில வார ரெண்டு குதிரைக்காரங்க யாரு? முதல் வரில பேசிட்டு இருக்க கோமாளியும் திருடனுமா? பாட்டு முடிஞ்ச உடனே மறுபடி முதல்லேருந்து போட்டுப் பாருங்க, கணக்கு சரியா வரும்.

கோல்லத்தைக் கூட்டிட்டு வந்து நிப்பாட்டுதது சுலபம். ஒரு முழு அதிகாரத்தையும் உள்ள வச்சிட்டு, எதுக்காக அந்த அதிகாரம் இருக்கோ அந்த ஒரு வசனத்தை மட்டும் உருவிட்டுப் போறது பெரிய வேலை.

மூணுகார்டு · சனி, காலை 11.50

அக்கா 🙏 பத்து வருஷமா இந்தப் பாட்டை வாசிக்கிறேன். கிட்டார்ல மூணு கார்டு, அதாவது மூணே சுரக்கூட்டு, என் பேரே அதான். சுத்திச் சுத்தி அதே மூணுதான், எங்கயும் போய் முடியாது. வரி முடியாத மாதிரியே இசையும் முடியாது. இப்பதான் புரியுது. பாபிலோன் விழுந்த செய்தியை ஹென்ட்ரிக்ஸ் கடைசி சோலோவுல சொல்லிட்டார்னு நான் இனிமே சொல்லிக்குவேன்.

திரிபுவாதி · சனி, நண்பகல் 12.31

அது உங்க கற்பனை தம்பி. ஆனா நெல்லைக்காரி அம்மா சொன்னது கற்பனை இல்ல, ஒத்துக்கறேன்.

கற்பனைன்னா என்னன்னு காட்டறேன். புரோகோல் ஹாரம், 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்', 1967. மில்லர், அதாவது மாவு அரைக்கறவர், தன் கதையைச் சொன்னப்போன்னு ஒரு வரி வருது இல்லையா. உடனே எல்லாரும் ஆகா, பழைய ஆங்கிலக் கவிஞர் சாசர், 'கேன்டர்பரி டேல்ஸ்', மில்லர் சொல்ற கதைன்னு எழுதித் தள்ளிட்டாங்க. வரி எழுதின கீத் ரீட், நான் அந்தக் கதையைப் படிச்சதே இல்லன்னுட்டார். அப்புறம் எங்க ஒளிஞ்சிருக்கு? தேடறவன் தலைக்குள்ளதான்.

ஓய்வுபெற்றவாத்தி · சனி, பிற்பகல் 3.10

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

பரிமேலழகர் சொன்னதெல்லாம் வள்ளுவர் மனத்தில் இருந்ததா என்று நாம் யாரும் சத்தியப் பிரமாணம் கேட்பதில்லை. மில்லர், கதை என்ற இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சாசர் தானாக எழுந்து உட்கார்ந்துவிடுவார். எழுதியவர் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, மொழி படித்திருக்கிறது. ஆனால் திரிபுவாதி சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. சாசரை அங்கே வைத்தபின் அந்தப் பாட்டில் வேறு எதுவும் துலங்குகிறதா? எனக்குத் துலங்கவில்லை. ஏசாயாவை வைத்தபோது பாட்டு முழுக்கத் துலங்கியது. அதுதான் என் அளவுகோல்.

என் பங்குக்கு ஒன்று. ஜெனிசிஸ் என்ற ராக் குழு, 'த சினிமா ஷோ', 1973. மாணவர்களுக்குக் கவிஞர் டி. எஸ். எலியட்டை நடத்தும்போது போட்டுக் காட்டியிருக்கிறேன். 1922இல் வந்த 'த வேஸ்ட் லேண்ட்' கவிதையில் ஒரு தட்டச்சுப் பெண் மாலையில் வீடு திரும்புகிறாள், காலையில் சாப்பிட்ட பாத்திரங்களை எடுத்து வைக்கிறாள். முகப்பரு நிறைந்த ஒரு குமாஸ்தா வருகிறான். அன்பில்லாத ஒரு கூடல் நடக்கிறது, அவன் இருட்டில் படி தடவி இறங்கிப் போகிறான். ஆணாகவும் பெண்ணாகவும் வாழ்ந்த குருட்டு ஞானி டைரீசியஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜெனிசிஸ் பாட்டிலும் அதே பெண் வேலையிலிருந்து வந்து காலைச் சாப்பாட்டுப் பாத்திரங்களை எடுக்கிறாள். ஆனால் அவள் பெயர் ஜூலியட். வருகிறவன் ரோமியோ, கையில் சாக்லேட்டோடு சினிமாவுக்குக் கிளம்புகிறான். எலியட்டின் மிக இருண்ட காட்சிக்கு ஷேக்ஸ்பியர் பெயர்களைச் சூட்டிக் கேலி செய்கிறார்கள். பிறகு டைரீசியஸ் பேசுகிறார், நான் இரு துருவங்களையும் கடந்தவன், எனக்கு இதில் மர்மமில்லை என்று. அந்த இரவு எப்படி முடிந்தது என்பதைப் பாட்டு சொல்வதில்லை. நெல்லைக்காரி சொன்ன அதே உத்தி. எலியட் எழுதிய கசப்பான முடிவு நமக்குத் தெரிந்திருந்தால் கடைசிக் கீபோர்டுப் பகுதியின் குதூகலம் சற்றுக் கரிக்கும். தெரியாவிட்டால் நல்ல இசை.

எலியட்டின் பெண் அவன் போனபின் என்ன செய்கிறாள் தெரியுமா? இயந்திரம்போல் கையால் தலைமுடியை நீவிவிட்டு, கிராமபோனில் ஒரு தட்டைப் போடுகிறாள். வகுப்பில் இந்த வரியைப் படித்துவிட்டு ஜெனிசிஸ் தட்டை நான் போடும்போது ஒரு மாணவி மட்டும் சிரித்தாள். மற்றவர்கள் திருதிருவென்று விழித்தார்கள்.

ஊசிமுனை · சனி, மாலை 6.22

ஐயா, அந்தத் தட்டு விஷயம் அபாரம்.

'எழுதினவர் நினைச்சாரா'ங்கற சண்டைக்கு பீட்டில்ஸ் ஜான் லெனனை விட்டா ஆள் இல்ல. 'ஐ ஆம் த வால்ரஸ்', 1967. அவர் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு வாத்தியார் பீட்டில்ஸ் வரிகளைப் பாடமா நடத்தறார்னு ஒரு பையன் கடிதம் போட்டான். லெனன் குஷியாயிட்டார். இதைக் கண்டுபிடிங்கடா பார்ப்போம்னு வேணும்னே அர்த்தமில்லாம எழுதினார். வால்ரஸ்ங்கற கடல்மிருகம் மட்டும் எழுத்தாளர் லூயிஸ் கேரல்கிட்டேர்ந்து வந்தது, தச்சரும் வால்ரஸும் சிப்பிகளை நைசாப் பேசிக் கூட்டிட்டுப் போய்த் தின்னுடற கவிதை. அதுல வால்ரஸ்தான் கெட்டவன்னு லெனனுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. 1980 பேட்டியில, அய்யோ தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துட்டேன், நான் தச்சர்னு சொல்லியிருக்கணும்னார்.

பாட்டோட கடைசியில கசகசன்னு குரல்கள் கேக்கும், கவனிச்சிருக்கீங்களா? மிக்ஸிங் நடக்கறப்போ ரேடியோவைத் திருகி நேரடியா உள்ள விட்டாங்க. அப்ப பிபிசியில 'கிங் லியர்' ஓடிட்டிருந்தது, நாலாம் அங்கம், ஆறாம் காட்சி. ஆஸ்வால்டு குத்துப்பட்டு 'ஐயோ, அகால மரணம்'னு சாகற இடம் அப்படியே பதிவாயிடுச்சு. ஷேக்ஸ்பியரை யாரும் எடுத்தாளல. அவரா வந்து ஏறிக்கிட்டார்.

நெல்லைக்காரி · சனி, இரவு 8.02

வேதாகமம் வாசிச்சவளுக்கு இன்னொண்ணு. பிங்க் ஃப்ளாய்ட் 1977 'அனிமல்ஸ்'. ஆர்வெல்லோட 'அனிமல் ஃபார்ம்' மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, நாய், பன்னி, ஆடுன்னு மனுசங்களைப் பிரிச்சிருக்கது. ஆனா ஆர்வெல் அடிச்சது ஸ்டாலினை, வாட்டர்ஸ் அடிச்சது முதலாளிங்களை. உடுப்பு ஒண்ணு, ஆளு வேற.

அதுல 'ஷீப்' பாட்டு நடுவுல மிஷின் மாதிரி ஒரு குரல் மெல்ல மந்திரம் சொல்லும். கவனிச்சுக் கேளுங்க, 23ம் சங்கீதம். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்'. அப்படியே போயி, அவர் பளபளக்க கத்தியால என்னை விடுவிக்காரு, கொக்கில தொங்க விடுதாரு, கட்லெட் ஆக்குதாருன்னு வரும். யோசிச்சுப் பாத்தா மேய்ப்பன் ஆட்டை எதுக்கு வளக்கான்? சாவு வீட்டுல எல்லாரும் சொல்லுத சங்கீதம் இது. எங்க ஐயா அடக்கத்துல சபையார் சொன்னப்ப எனக்கு அந்த மிஷின் குரல் காதுல கேட்டுட்டு. வாயைப் பொத்திட்டு வெளில போயிட்டேன். அழுதுட்டுப் போறேன்னு நினைச்சிருப்பாங்க. அழத்தான் செஞ்சேன், கூடவே சிரிப்பும் வந்துட்டு.

தாமதவண்டி · சனி, இரவு 8.45

அக்கா, இந்த இழையிலயே இதுதான் பெரிய பதிவு.

ஓய்வுபெற்றவாத்தி · சனி, இரவு 10.17

ஊசிமுனையின் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது. சாம்பல் ஏன் நிழலாயிற்று?

மாலை என் அலமாரியில் இருக்கும் கிரஹாமை எடுத்துப் பார்த்தேன். கீழைக்காற்று, மெல்லிய மழை, தாமரைக் குளத்துக்கு அப்பால் சன்னமான இடி, இப்படித் தொடங்குகிறது லி ஷாங்-யின் கவிதை. மூன்றாம் வரியில் தூபக்கலம் எரிகிறது. கடைசியில் உன் நெஞ்சை வசந்தப் பூக்களோடு போட்டி போட்டு மலர விடாதே, ஓர் அங்குலக் காதல் ஓர் அங்குலச் சாம்பல் என்கிறார். ஆகவே இந்தச் சாம்பல் தீயில் வெந்த சாம்பலன்று. ஊதுவத்தி எரிந்து கீழே அங்குலம் அங்குலமாக உதிர்கிறதே, அந்தச் சாம்பல். நேரம் போகப் போக நீளும் சாம்பல்.

பாட்டில் தூபக்கலம் இல்லை. முன்னால் எரிந்த வத்தியை விட்டுவிட்டுச் சாம்பலை மட்டும் எடுத்தால் அங்குலக் கணக்குக்குப் பொருளே இருக்காது. நிழலையும் அங்குலத்தால் அளக்கலாம், பொழுது ஏற ஏற அதுவும் நீளும், சுருங்கும். சூரியனைப் பற்றிய பாட்டுக்கு அது பொருத்தம். இது என் ஊகம்.

மூணுகார்டு · சனி, இரவு 11.38

ஐயா, அண்ணே, இப்பதான் கிட்டாரை எடுத்து மெதுவா அந்தப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். நீங்க எல்லாரும் அந்த ஒரு வரியையே பார்க்கறீங்க. அடுத்த வரியைப் பாருங்க!

ஓர் அங்குலக் காதல் ஓர் அங்குல நிழல். அடுத்து: காதல்தான் திராட்சை மதுவைப் பழுக்க வைக்கிற நிழல்.

சாம்பல்னு வச்சா அடுத்த வரிக்கு எப்படிப் போறது? சாம்பல்ல மது பழுக்காது. நிழல்ல வச்சாத்தான் பழுக்கும். லி ஷாங்-யின் அந்த வரியோட கதவைச் சாத்திட்டார், காதலிக்காதே, எரிஞ்சு போயிடுவேன்னு. இவர் ஒரே சொல்லை மாத்திக் கதவைத் திறந்து விட்டுட்டார். அர்த்தமே தலைகீழா ஆயிடுச்சு.

ஊசிமுனை · சனி, இரவு 11.52

இருபது வருஷமா கேக்கறேன். ஒரு வாரமா புத்தகத்தையும் பாட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அடுத்த வரியைப் படிக்கணும்னு தோணவே இல்ல. தம்பி, நீ நல்லா இருப்பே.

திரிபுவாதி · ஞாயிறு, அதிகாலை 12.20

சரி. அந்த ஒரு வரியை மட்டும் சுட்டதுன்னு சொல்ல மாட்டேன். தாமரையும் சுவரும் இன்னும் என் கணக்குல சுட்டதுதான். உறையில கிரஹாம் பேரைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்.